டியூப் போகுதில்லையா? முதல் எங்க மாட்டுதெண்டு பாருங்க, பிறகு சாமானை மாத்தலாம்

திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு இன்டர்ன்ஷிப் வாற டொக்டர் பிள்ளைகளோட தியேட்டர்லயும் ஈடியூலயும் (அவசர சிகிச்சைப் பிரிவு) பக்கத்துல நிண்டு பழக்கிப் பழக்கி எனக்கு ஒண்டு நல்லா விளங்கிட்டுது. மூச்சு விட ஏலாத ஆளின்ட மூச்சுக்குழாய்க்குள்ள வாயால விடுற டியூப் போகாட்டி உடன எல்லாரும் கேக்கிறது "அக்கா, அந்த வீடியோ சாமானைத் தாங்க" எண்டுதான். அது கமராவும் ஸ்க்ரீனும் இருக்கிற லரிங்கோஸ்கோப். குடுத்தா அதுலயும் மாட்டும், ஏனெண்டா பிழை இருந்தது தலைகாணில, இல்லாட்டி சளி இழுக்கிற சக்கர்ல. ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு இடத்துல சண்டித்தனம் பண்ணும். நாக்கைத் தூக்கி நேர கண்ணால பாக்கிற சாதாரண மக்கின்டொஷ் பிளேட்ல பாக்கிறதுதான் கஷ்டம், கண்டிட்டா டியூப் போயிடும். நல்லா வளைஞ்ச பிளேட் இருக்கிற வீடியோல பாக்கிறது சுகம், டியூப்பைக் கொண்டுபோறதுதான் பாடு. குரல்வளைக்கு மேல படிஞ்சு நிக்கிற ஐ-ஜெல் குழாய் கெதியா போயிடும், ஆனா காத்து ஒழுகும். அதால உங்கட கண்ணுக்கு என்ன தெரியுது எண்டதை வைச்சுத்தான் கீழ பிரிச்சு எழுதியிருக்கிறன், உங்களுக்கு நடக்கிறது எதுவோ நேர அந்தத் தலைப்புக்குப் போங்க.

எல்லாத்துக்கும் முதல் ஒண்டு. ஆள் சாகிறது டியூப் இல்லாம இல்ல, ஒட்சிசன் இல்லாம. மயக்க மருந்து குடுக்க முதல் மாஸ்க்கை இறுக்கி வைச்சு 3 நிமிஷம் ஒட்சிசன் குடுங்க. பிளேட்டை வாய்க்குள்ள வைச்ச உடன ஒராள் மணிக்கூட்டையும் சாச்சுரேஷனையும் (ரத்தத்துல ஒட்சிசன் எத்தினை வீதம் எண்டது) பாத்து சத்தமா சொல்லோணும், அது நேர்ஸ் மிஸ்ஸா இருந்தாலும் சரி அட்டெண்டன்டா இருந்தாலும் சரி. 93க்கு கீழ போகுதெண்டா கோர்ட்ஸ் (மூச்சுக்குழாய் வாசல்ல இருக்கிற குரல் நாண்கள்) கண்ணுக்கு முன்னால நிண்டாலும் பிளேட்டை எடுத்துப்போட்டு பேக் பண்ணுங்க, அதாவது மாஸ்க்கை வைச்சு பேக்கை அமத்தி ஒட்சிசன் குடுங்க. இது பெரியாக்களுக்கு எழுதினது, சின்னப்பிள்ளைக்கு இதை வைச்சுச் செய்ய வேணாம். மற்றது, முதல் முதல் போடுறவர் பக்கத்துல பழகின ஒராள் நிக்காம தொடங்கவே கூடாது.

லைட் எரியுதில்ல, ஸ்க்ரீன் வருகுதில்ல

இது ஆளுக்கு மருந்து குடுத்த பிறகு தெரியவந்தா உங்கட பிழை, அதால முதலே பாருங்க. சாதாரண ஹாண்டில்ல பல்ப் லூசா இருக்கும், விரலால இறுக்கினா எரியும். அடுத்தது பெட்டரி. அடுத்தது ஹாண்டிலும் பிளேட்டும் ஒரே வகையா எண்டு பாருங்க, பச்சை அடையாளம் போட்ட ஃபைபர் பிளேட்டை பல்ப் பிளேட்டுக்குரிய ஹாண்டில்ல கொழுவினா எரியாது, அவசரத்துல இதை ரெண்டு மூண்டு தரம் கண்டிருக்கிறன். வீடியோவில மக்ராத் எண்டா மிச்சம் எத்தினை நிமிஷம் எண்டு ஸ்க்ரீன்லயே காட்டும், கிங் விஷன் எண்டா ட்ரிபிள் ஏ பெட்டரி 3 போடோணும், கடையில வாங்கலாம், அதால ஒரு செட் மேலதிகமா லாச்சிக்குள்ள கிடக்கட்டும். என்ன வீடியோ கையில இருந்தாலும் எரியிற மக்கின்டொஷ் ஒண்டு மேசையில இருக்கோணும்.

வாயே திறக்குதில்ல

சுகமான காரணம் முதல்: மருந்து இன்னும் பிடிக்கேல்ல. பதட்டத்துல 20 செக்கன்லயே பிளேட்டைக் கொண்டுபோறீங்க, மணிக்கூட்டைப் பாத்து முழுசா 60 செக்கன் பொறுங்க, தாடை தொளதொளவெண்டு வரும்.

ரெண்டாவது, கழுத்துக் கொலர். மோட்டார் சைக்கிள் விபத்தில வந்தவருக்கு கொலரைப் பூட்டினபடி வாயைத் திறக்கப் பாத்தா ஒருநாளும் ஏலாது. ஒராள் ரெண்டு கையாலயும் தலையை அசையாம பிடிக்கோணும், கொலரின்ட முன்பக்கத்தைக் கழட்டோணும், பிறகு போடுங்க. இப்பிடியான ஆளுக்கு முதல் முயற்சியே வீடியோவோட போறது நல்லது, கழுத்தைக் கனக்க அசைக்கத் தேவையில்ல.

மூண்டாவதுதான் எங்கட பக்கத்துல மறக்கக் கூடாதது: வெத்திலை பாக்கு. வருஷக்கணக்கா பாக்கு சப்பின ஆளுக்கு கன்னத்தின்ட உள்பக்கம் தடிச்சு, வெள்ளையா நார் மாதிரி இறுகிப் போயிருக்கும், அதுக்கு என்ன மருந்து குடுத்தாலும் வாய் திறக்காது, ஏனெண்டா இறுகினது தசை இல்ல. மூதூர்ப் பக்கத்துல இருந்து ஹேர்னியா ஒப்பரேஷனுக்கு வந்த ஐயா ஒராளை முதல்நாள் வார்ட்ல பாக்கேக்க "ஐயா வாயை ஆவெண்டு திறவுங்க" எண்டு கேட்டன், அவர்ட ஒரு விரல்தான் போச்சு. "இப்பிடித்தான் பிள்ளை 5 வருஷமா, புட்டையும் பிசைஞ்சுதான் தின்னுறது" எண்டார். முதல்நாளே கேட்டதால முதுகுல ஊசி போட்டு ஒப்பரேஷனை முடிச்சம். கேக்காம மயக்கியிருந்தா எந்த பிளேட்டும் போயிருக்காது, ஐ-ஜெல்லும் போயிருக்காது.

அதால செக் இதுதான்: ஆள் முழிச்சிருக்கேக்கயே அவர்ட 3 விரல் பல்லுக்கு நடுவில போகுதா எண்டு பாருங்க. 2 விரல் எண்டா வீடியோவோட, பெரியவர், அதாவது அனுபவமான டொக்டர், பக்கத்துல நிக்க. அதுக்கும் குறைவெண்டா நீங்க மயக்கவே வேணாம், கன்சல்டன்டுக்கு கோல் பண்ணுங்க, அது வளையிற கமராக் குழாய், ஃபைபர் ஸ்கோப் வேலை.

இதுக்கு எதிர்மாறு கட்டுவிரியன் கடிச்சு வாற ஆள். தாடையில பலமே இருக்காது, கண்ணிமை தூக்க ஏலாது, பிளேட் சுகமா போகும். ஆனா அவர் மயக்கத்துல இல்ல, நீங்க கதைக்கிறது எல்லாம் அவருக்குக் கேக்கும். அசையேல்லத்தானே எண்டு போட்டு நித்திரை மருந்து இல்லாம டியூப் போட வேணாம், தயவுசெய்து.

உள்ள ஒரே சிவப்பு, எது எதெண்டே விளங்குதில்ல

10ல 8 தரம் தலை வைச்ச விதம்தான். பக்கத்துல குனிஞ்சு பாருங்க, காதின்ட துவாரமும் நெஞ்செலும்பின்ட மேல் குழியும் ஒரே மட்டத்துல இருக்கோணும். இல்லாட்டி தலைக்குக் கீழ துவாயை மடிச்சு வையுங்க. உடம்பான ஆள் எண்டா ஒரு தலைகாணி காணாது, தோள்ல இருந்தே பெட்ஷீட்டுகளை அடுக்கி சாய்வா உயத்தோணும். கட்டிலையும் உங்கட வயித்து மட்டத்துக்கு மேல தூக்குங்க, கூனிக்கொண்டு நிண்டு போட்டா கை நடுங்கும்.

தலை சரியெண்டா அடுத்தது: பிளேட் கனக்க உள்ள போயிட்டுது. புதுசா பழகிற எல்லாரும் ஒரே மூச்சுல அடிவரைக்கும் தள்ளுறது, அப்ப நுனி உணவுக்குழாய் வாசல்ல நிக்கும், தெரியிறதெல்லாம் சிவப்பு. அசையாம மெல்ல மெல்ல வெளிய இழுங்க, திடீரெண்டு ஒரு மூடி கீழ விழும், அதுதான் எபிக்ளொட்டிஸ். அடுத்த தரம் நாக்கு வழியே சென்ரிமீட்டர் சென்ரிமீட்டரா இறங்கி அந்த மூடியைத் தேடிக்கொண்டு போங்க, கோர்ட்ஸைத் தேடிப் போக வேணாம்.

நாக்கு பிளேட்டுக்கு வலப்பக்கம் வழிஞ்சுதெண்டாலும் ஒண்டும் தெரியாது. மக்கின்டொஷ் வடிவ பிளேட் எண்டா வாயின்ட வலப்பக்கத்தால போய் நாக்கை இடப்பக்கம் ஒதுக்கோணும். ஆனா நல்லா வளைஞ்ச வீடியோ பிளேட் எண்டா நடுவால நேர போகோணும், ஒதுக்கத் தேவையில்ல. இந்த ரெண்டையும் மாத்திச் செய்யிறதாலதான் பாதிப் பேர் வீடியோல தடுமாறுறது.

மூடி தெரியுது, கோர்ட்ஸ் தெரியுதில்ல

பிளேட்டின்ட நுனி நாக்கு அடிக்கும் மூடிக்கும் நடுவில இருக்கிற குழிக்குள்ள முழுசா இருக்குதா? இல்லாட்டி இன்னும் கொஞ்சம் தள்ளுங்க. பிறகு ஹாண்டில் காட்டுற திசையில, அதாவது எதிர்ச் சுவரும் சீலிங்கும் சந்திக்கிற மூலைப் பக்கமா தூக்குங்க, மேல் பல்லுல ஊண்டி நெம்ப வேணாம், பல்லுப் போனா அது தொண்டைக்குள்ளதான் விழும்.

இன்னும் தெரியாட்டி உங்கட வலக்கையால கழுத்துக்கு வெளிய குரல்வளையைப் பிடிச்சு பின்னுக்கும் மேலுக்கும் கொஞ்சம் வலப்பக்கமும் தள்ளிப் பாருங்க. வடிவா தெரியிற இடம் வந்த உடன மிஸ்ஸின்ட கையை அந்த இடத்துல வைச்சு "இப்பிடியே பிடிங்க" எண்டு சொல்லுங்க. முதலே ஒராள் கழுத்தை அமத்திக்கொண்டு நிண்டா, அந்தக் கையை எடுக்கச் சொல்லிப் பாருங்க, சில நேரம் அதுதான் மறைக்கிறது.

அடுத்தது பூஜி, டியூப்புக்கு வழிகாட்டுற மெல்லிய நீட்டுக் குச்சி. இவ்வளவு மலிவான ஒரு சாமான் இவ்வளவு உயிரைக் காப்பாத்துது, ஆனா பிள்ளைகள் கடைசியாத்தான் கேக்கிறது. 60 சென்ரிமீட்டர் நீளம், நுனி கொஞ்சம் வளைஞ்சிருக்கும், வளைவு மேல்பக்கம் பாக்க மூடிக்குக் கீழால விடுங்க. மூச்சுக்குழாய்க்குள்ள போச்செண்டா வளையங்கள்ல டிக் டிக் எண்டு உரஞ்சுறது விரலுக்குத் தெரியும், அது எப்பவும் தெரியுமெண்டு இல்ல. மெல்லத் தள்ளேக்க 40 சென்ரிமீட்டருக்குள்ள எங்கயாவது தட்டி நிக்கும், நிண்ட உடன நிப்பாட்டுங்க, அமத்தினா உள்ள காயம் வரும். தட்டாம போய்க்கொண்டே இருந்தா அது உணவுக்குழாய், வெளிய எடுங்க.

மூடியே தூக்குப்படாம ஒட்டிக்கொண்டு கிடந்தா, இல்லாட்டி மூடியும் தெரியாட்டி, பூஜியை இருட்டுல குத்த வேணாம். இதுதான் வீடியோவைக் கேக்கிற சரியான இடம். 2023ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில அவசரப் பிரிவு, ஐசியூ நோயாளிகள் 1,417 பேருக்கு டியூப் போட்டுப் பாத்தவங்க, போட்டவங்கள்ல கனபேர் பயிற்சியில இருக்கிற டொக்டர்மார்தான். முதல் முயற்சியிலேயே போனது வீடியோல 85.1 வீதம், சாதாரண பிளேட்ல 70.8 வீதம். அதால புதுசா பழகிற ஆளுக்கு அவசர நோயாளி எண்டா வீடியோதான் முதல் கையில இருக்கோணுமெண்டு நான் நினைக்கிறன், மக்கின்டொஷ் வடிவ பிளேட் இருக்கிற வீடியோ எண்டா இன்னும் நல்லது, ஸ்க்ரீன் அணைஞ்சாலும் நேர பாத்துப் போடலாம்.

சளி, ரத்தம், சத்தி, ஒண்டும் தெரியுதில்ல

இதுல வீடியோ மக்கின்டொஷைவிட மோசம், கமராவில ஒரு துளி பட்டா எல்லாம் போச்சு. சக்கர் தலைகாணிக்குக் கீழ, வலப்பக்கம், ஓன் பண்ணினபடி இருக்கோணும், மேசையில இல்ல. வீடியோ எண்டா முதல் சக்கர் உள்ள போகட்டும், அதுக்குப் பின்னால பிளேட் போகட்டும், பிளேட்டை மேல்பக்கமாவே ஒட்டி வைச்சிருங்க. நிரம்பிக்கொண்டே வந்தா சக்கரை எடுக்காம வாயின்ட இடப்பக்கம், பிளேட்டுக்கு இடப்பக்கமா வைச்சு அது இழுத்துக்கொண்டு இருக்க டியூப்பைப் போடுங்க. கடல்ல மூழ்கி வந்தவருக்கு நுரை வரும், அதை இழுத்து முடிக்க ஏலாது, இழுத்துக்கொண்டு நிண்டு ஒட்சிசன் குடுக்கிற நேரத்தைக் கழிக்க வேணாம்.

பூச்சிமருந்து குடிச்சு வந்த ஆள் எண்டா எச்சில் ஊத்திக்கொண்டே இருக்கும், எச்சிலைக் குறைக்கிற அட்ரோபின் போகுதா எண்டு கேளுங்க. அவருக்கு தசையைத் தளர்த்துற சக்ஸாமீத்தோனியம் குடுத்தா அது வழக்கத்தைவிட கனநேரம் நிக்கும், அதால எந்த மருந்தெண்டு பெரியவரைக் கேக்காம ஊசியை எடுக்க வேணாம்.

சத்தி, ரத்தம் ஒண்டும் இல்லாம ஸ்க்ரீன் வெறுமன மங்கினா அது ஆவி. ஏசி ரூம்ல குளிர்ந்து கிடந்த பிளேட்டை சூடான வாய்க்குள்ள வைச்சா அப்பிடித்தான், ஒரு நிமிஷம் முதலே ஓன் பண்ணி வையுங்க, இல்லாட்டி சுடுதண்ணியில நனைச்ச கோஸ் துண்டால துடைச்சிட்டு வையுங்க.

ஸ்க்ரீன்ல வடிவா தெரியுது, டியூப்தான் போகுதில்ல

கனபேர் என்னட்ட வந்து அழுத இடம் இதுதான். கோர்ட்ஸ் ஸ்க்ரீன் முழுக்க நிக்குது, எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம், டியூப் மட்டும் கீழயே போய் இடிச்சுக்கொண்டு நிக்குது.

முதல் காரணம், உள்ள கனக்கக் கிட்டப் போயிட்டீங்க. கிட்டப் போனா படம் வடிவா இருக்கும், டியூப் திரும்ப இடம் இருக்காது. பிளேட்டை கொஞ்சம் வெளிய இழுங்க, கோர்ட்ஸ் ஸ்க்ரீன்ட மேல் பாதியில சின்னதா தெரிஞ்சா காணும். படம் கொஞ்சம் வடிவு குறையட்டும், டியூப் போகும். இதைச் சொல்லிக் குடுத்தா நம்பவே மாட்டினம், ஒருக்கா செய்து பாத்தா பிறகு மறக்க மாட்டினம்.

ரெண்டாவது, ஸ்டைலட்டின்ட (டியூப்புக்குள்ள வைக்கிற கம்பி) வளைவு. நல்லா வளைஞ்ச பிளேட் எண்டா ஸ்டைலட்டையும் அந்த பிளேட் மாதிரியே வளைக்கோணும், அதுக்கெண்டே வாற விறைப்பான ஸ்டைலட் இருந்தா அதைப் போடுங்க. மக்கின்டொஷ் பிளேட்டுக்கு கஃப் (டியூப் நுனிக்குக் கிட்ட இருக்கிற காத்தூதுற பலூன்) வரைக்கும் நேராவும் நுனியில கொஞ்சம் வளைவாவும் இருந்தா காணும். ஸ்டைலட் நுனி டியூப்புக்கு வெளிய நீட்டிக்கொண்டு நிக்கக் கூடாது.

மூண்டாவது, கண்ணை எங்க வைக்கிறதெண்டது. பிளேட்டை வைக்கேக்க வாயைப் பாருங்க, பிறகு ஸ்க்ரீன், டியூப்பை வாய்க்குள்ள விடேக்க திரும்ப வாய், நுனி ஸ்க்ரீன்ல வந்த பிறகு ஸ்க்ரீன். டியூப் விடேக்க ஸ்க்ரீனையே பாத்துக்கொண்டு நிண்டா அண்ணத்தைக் கிழிச்சுப்போடுவீங்க, அந்த இடம் கமராவுக்குத் தெரியாது.

நாலாவது, நுனி கோர்ட்ஸுக்குள்ள போச்சு, அதுக்கு மேல தள்ளுப்படுதில்ல. அது முன் சுவர்ல இடிக்குது. பெருவிரலால ஸ்டைலட்டை 2, 3 சென்ரிமீட்டர் வெளிய இழுத்துக்கொண்டு டியூப்பை மணிக்கூட்டு முள் போற பக்கம் திருப்பித் தள்ளுங்க. தள்ளுறது டியூப்பை மட்டும், ஸ்டைலட்டை ஒருநாளும் உள்ள தள்ள வேணாம்.

டியூப் கொழுவிற பள்ளம் (சானல்) இருக்கிற பிளேட், எயார்ட்ராக், கிங் விஷன் மாதிரி, அதுல ஸ்டைலட் தேவையில்ல. டியூப் வலப்பக்கம் இடிச்சுக்கொண்டு நிண்டா முழு பிளேட்டையும் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து மேல தூக்குங்க, நீங்க திருப்பவேண்டியது பிளேட்டைத்தான்.

இந்த நாலையும் பாத்தும் ஏலாட்டி, அதே கையால இன்னொருக்கா முயற்சிக்க வேணாம், இடத்தை விடுங்க, அடுத்த ஆள் வரட்டும்.

பூஜி போச்சு, டியூப் அதுக்கு மேலால இறங்குதில்ல

பிளேட்டை எடுத்திட்டீங்க, அதுதான். திரும்ப வைச்சு நாக்கைத் தூக்கினபடி விடுங்க. அப்பவும் மாட்டினா டியூப்பை கொஞ்சம் வெளிய இழுத்து மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கம் கால்வாசி சுத்து சுத்தித் தள்ளுங்க. இல்லாட்டி ஒரு சைஸ் சின்ன டியூப்.

ஐ-ஜெல் போட்டாச்சு, காத்து ஒழுகுது

புதுசா பழகிற ஆளுக்கு நான் முதல் முதல் பழக்கிறது இதைத்தான். சாதாரண பிளேட்ல 10க்கு 9 தரம் சரியாப் போட கிட்டத்தட்ட 50க்கு மேல போட்டுப் பழகோணும், ஐ-ஜெல் ஒரு நாள்ல கைக்கு வரும். ஆனா சத்தி நுரையீரலுக்குள்ள போகாம முழுசா தடுக்கிற சாமான் இது இல்ல, அதை மனசுல வையுங்க.

ஒழுகினா முதல் பொறுங்க, அது கொஞ்ச நேரத்துல படிஞ்சு வரும். பிறகு ஆழத்தைப் பாருங்க, முன் பல்லு அதுல இருக்கிற கோட்டுக்கு நேர நிக்கோணும். தாடையை மேல தூக்கி, தலையை நிமித்தி இன்னொருக்கா தள்ளுங்க. பேக்கை அமத்திற வேகத்தைக் குறையுங்க, பயத்துல எல்லாரும் கெதி கெதியாத்தான் அமத்துறது. அதுக்குப் பிறகு சைஸ்: மஞ்சள் 3, 30ல இருந்து 60 கிலோ. பச்சை 4, 50ல இருந்து 90. ஒரேஞ்ச் 5, 90க்கு மேல. இடையில நிக்கிற ஆளுக்கு ஒழுகுதெண்டா பெரிய சைஸைப் போடுங்க. நெஞ்சு எழும்பி கப்னோல (வெளிய வாற மூச்சுல இருக்கிற காபனீரொட்சைட்டைக் காட்டுற மெஷின்) அலை வந்தா கொஞ்ச ஒழுகல் பரவாயில்ல, அதை வைச்சுக்கொண்டே பெரியவர் வரும்வரைக்கும் ஆளைக் காப்பாத்தலாம்.

டியூப் போட்டாச்சு, கப்னோல அலை இல்ல

டியூப் பிழையான இடத்துல எண்டு நினைச்சுத்தான் தொடங்கோணும். "நான் போகக் கண்டனான்", "ரெண்டு பக்கமும் சத்தம் கேக்குது", "டியூப்ல ஆவி படியுது" இந்த மூண்டும் ஆக்களைக் கொண்டிருக்கு. உணவுக்குழாய்க்குள்ள போனாலும் சத்தம் கேக்கும், ஆவியும் படியும். இதயம் நிண்டு நெஞ்சு அமத்திக்கொண்டு இருக்கேக்ககூட டியூப் சரியான இடத்துல இருந்தா சின்ன அலையாவது வரும், அதால "ஆள் அரெஸ்ட், அதுதான் அலை இல்ல" எண்டு சொல்ல வேணாம்.

கப்னோ வயர் கழண்டிருக்கா, பைப் மடங்கியிருக்கா எண்டு பாக்கிறது ஒரு பார்வை நேரம், அவ்வளவுதான். வேணுமெண்டா வீடியோவை வைச்சு டியூப் கோர்ட்ஸுக்கு நடுவால போகுதா எண்டு ரெண்டு பேர் சேர்ந்து பாருங்க. சந்தேகம் தீராட்டி டியூப்பை எடுத்துப்போட்டு மாஸ்க்கால பேக் பண்ணுங்க. எடுக்கிறதுக்கு வெக்கப்பட வேணாம், இதுல ஒருதரும் உங்களை ஏச மாட்டினம், ஏசினா நான் வந்து கதைக்கிறன். அலை வந்தாலும் தொடர்ந்து 7 மூச்சாவது ஒரே மாதிரி வருகுதா எண்டு பாத்திட்டுத்தான் பிளாஸ்டர் ஒட்டோணும்.

அலை இருக்கு, சாச்சுரேஷன் ஏறுதில்ல

பல்லடியில எத்தினையாம் கோடு? பெண்ணுக்கு 21, ஆணுக்கு 23 சென்ரிமீட்டர் அளவுல நிக்கோணும். 26ல நிண்டா வலப்பக்க நுரையீரலுக்குள்ள மட்டும் போயிருக்கலாம், கஃப்பில காத்தை எடுத்து மெல்ல இழுங்க. பிறகு டியூப் மடங்கினதா, கடிக்கிறாரா, சளி அடைச்சதா எண்டு சக்ஷன் கதீட்டரை விட்டுப் பாருங்க. பிறகு வென்டிலேட்டரைக் கழட்டி கையால பேக் பண்ணிப் பாருங்க, சுகமா போனா பிழை மெஷின்ல. ஒரு பக்கம் மட்டும் எழும்பாம, பேக் இறுகி, பிரஷரும் விழுந்தா நெஞ்சுக்குள்ள காத்து அடைச்சிருக்கு, எக்ஸ்ரேக்கு நிக்காம உடன பெரியவரைக் கூப்பிடுங்க.

கிண்ணியா, மூதூர்ல இருந்து அம்புலன்ஸ்ல டியூப்போட வாற ஆளை ட்ரொலிக்கு மாத்தின ஒவ்வொரு தரமும் அலையைத் திரும்பப் பாருங்க. தலை குனிஞ்சா டியூப் உள்ள போகும், நிமிந்தா வெளிய வரும்.

டியூப்பும் இல்ல, ஐ-ஜெல்லும் இல்ல, பேக்கும் ஏறுதில்ல

பிரிட்டன்ட டிஃபிகல்ட் எயார்வே சொசைட்டி 2015ல சொன்ன கணக்கு 3 முயற்சி, அதுக்கு மேல ஒண்டு அனுபவசாலி மட்டும். எங்கட பிள்ளைகளுக்கு நான் சொல்லுறது 2. ரெண்டாவது பிழைச்சா கையை எடுத்து கோல் பண்ணுங்க, கோல் பண்ணிறதை இன்னொராள் செய்யட்டும், நீங்க தலையை விட்டுப் போக வேணாம். அந்த நேரம் ஐ-ஜெல், அதுவும் ஏலாட்டி ரெண்டு பேரா மாஸ்க்: ஒராள் ரெண்டு கையாலயும் மாஸ்க்கை இறுக்கித் தாடையைத் தூக்க, மற்றவர் பேக்கை அமத்த, வாய்க்குள்ள ஒரு குவெடல் (நாக்கு அடைக்காம பிடிக்கிற பிளாஸ்டிக் குழாய்).

இவ்வளவுக்கும் சாச்சுரேஷன் இறங்குதெண்டா மிச்சம் இருக்கிறது கழுத்துல வெட்டி அதால மூச்சுக்குழாய்க்குள்ள போறது மட்டும்தான். "டியூப் போட ஏலாது, ஒட்சிசன் குடுக்க ஏலாது" எண்டு சத்தமா சொல்லுங்க, அப்பதான் ரூம்ல இருக்கிற எல்லாருக்கும் விளங்கும். அதுக்கு வேண்டியது 10ம் நம்பர் ஸ்கல்பல் (கத்தி), ஒரு பூஜி, கஃப் இருக்கிற 6ம் நம்பர் டியூப். அதைச் செய்யிறது அங்க நிக்கிறவங்கள்ல பழகின ஆள், உங்கட வேலை அவர் கைக்கு அந்த மூண்டையும் சுணங்காம குடுக்கிறது. மூண்டையும் ஒரே பைக்குள்ள போட்டு எங்க வைச்சிருக்கெண்டு டியூட்டிக்கு வந்த முதல் நாளே சிஸ்டரைக் கேட்டு, அலுமாரியைத் திறந்து நீங்களே தொட்டுப் பாருங்க.